விளையாட்டு மேலாண்மை முதுகலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், படிப்பு எந்தத் துறையின் கீழ் நடக்கிறது என்று பாருங்கள். வணிகப் பள்ளிக்குள் இருந்தால் நிதி, மார்க்கெட்டிங், ஸ்பான்சர்ஷிப் ஆகியவற்றுக்கே முதலிடம். உடற்கல்வித் துறைக்குள் இருந்தால் கல்லூரி விளையாட்டு நிர்வாகம், மைதானப் பராமரிப்பு என்று பாடங்கள் நகரும். அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகம் 1966இல் இந்தத் துறையில் முதுகலையைத் தொடங்கியது. எம்பிஏவோடு இணைந்த இரட்டைப் பட்டமும் அங்கே உண்டு. சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ஆதரவோடு நடக்கும் ஃபிஃபா மாஸ்டர் படிப்பு வேறு மாதிரி. இங்கிலாந்தில் விளையாட்டின் வரலாறு, இத்தாலியில் மேலாண்மை, சுவிட்சர்லாந்தில் சட்டம் என்று மூன்று நாடுகளில் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பக் கடிதத்தை அனுப்பினால் எடுபடாது.

வகுப்பு தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே வேலையை ஆரம்பிப்பது நல்லது. ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் மதிப்பெண்கள் 2 ஆண்டுகளும், முதுகலைச் சேர்க்கைக்கான பொதுத் திறன் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண் 5 ஆண்டுகளும் செல்லும். ஜிஆர்இயைப் பல இடங்களில் இப்போது கேட்பதில்லை. கேட்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இனிஷியல் விரிவு மாறியிருந்தால் ஆவணங்கள் ஒன்று சேராமல் கோப்பு முழுமையடையாமலே கிடக்கும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எஸ்ஓபியில்தான், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையில். "சிறு வயதிலிருந்தே எனக்கு விளையாட்டு என்றால் உயிர்" என்ற தொடக்கம் அநேகமாக எல்லோரிடமிருந்தும் வருகிறது. தேர்வுக்குழு தேடுவது ரசிகரை அல்ல, வேலை தெரிந்தவரை. நீங்கள் நடத்திய ஒரு போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அணிகள், எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை மோதினால் 28 ஆட்டங்கள். நாளுக்கு 4 ஆட்டம் என்றால் மைதானம் 7 நாட்களுக்கு வேண்டும். மூன்றாம் நாள் மழை பெய்தது. அந்த 4 ஆட்டங்களை எங்கே நுழைத்தீர்கள்? கூடுதல் வாடகையை யார் கொடுத்தார்கள்? எந்த அணி ஒப்புக்கொள்ள மறுத்தது? இதை எழுதினால் உங்கள் திறமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த அனுபவத்தில் எது தெரியாமல் திணறினீர்கள், அதை இந்தப் படிப்பின் எந்தப் பாடம் நிரப்பும் என்பதை அடுத்த பத்தியில் பாடத்தின் பெயரோடு குறிப்பிடுங்கள்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது உங்களை வேலையில் பார்த்தவரிடமிருந்து வரட்டும். பிரபல வீரர் தரும் நாலு வரியைவிட, ஸ்கோர் ஷீட் முதல் டிக்கெட் கணக்கு வரை உங்களோடு உட்கார்ந்து பார்த்த மேலாளரின் ஒரு பக்கம் கனமானது. 6 வாரம் முன்பே கேளுங்கள். ரெஸ்யூமேயையும் எஸ்ஓபி வரைவையும் கையோடு கொடுங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் தரும் கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப்புக்குப் பெரும்பாலும் தனி விண்ணப்பம் உண்டு. சில இடங்களில் அதன் கடைசித் தேதி சேர்க்கைத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்து வைத்து, முந்தையதைக் கணக்கில் கொண்டு வேலையைப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்.