விரதமும் ‘16:8’உம் ஒன்று என்று நினைத்தால் வரும் வினை

வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டிக்கு ஆறு நாள், பக்கத்து வீட்டில் நோன்பு. பட்டினி கிடப்பது திருகோணமலைக்குப் புதிதில்லை. அதனால்தான் நிறை குறைக்க 16:8 (நாளில் 16 மணித்தியாலம் பட்டினி, மிச்சம் 8 மணித்தியாலத்துக்குள் சாப்பாடு) தொடங்குகிறவர்கள் இதில் கேட்டறிய என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். “அம்மம்மா வருசம் முழுக்க விரதம் பிடிச்சவ, அவவுக்கு என்ன நடந்தது?” என்று ஒரு கேள்வி, அடுத்த நாளே காலைச் சாப்பாடு நின்றுவிடும். அம்மம்மா காலையில் கிளிக்லசைட் என்ற நீரிழிவுக் குளிசையைப் போட்டுவிட்டு விரதம் பிடிக்கவில்லை என்பது யாருக்கும் நினைவு வராது.

நிறையத் தண்ணீர் குடியுங்கள், கொத்து ரொட்டியோடு பட்டினியை முடிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவற்றை விட்டுவிடுவோம்.

விரதத் தேத்தண்ணி

பால் பழத்தோடு இருக்கும் விரதம் உண்டு. அந்தப் பழக்கத்தில் பால் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இரண்டு மேசைக்கரண்டி பால்மா, மூன்று தேக்கரண்டி சீனி போட்ட ஒரு கோப்பையில் ஏறத்தாழ 140 கலோரி இருக்கிறது. காலை ஆறரைக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று குடித்தால் பட்டினி நேரத்துக்குள்ளேயே 280. சீனியில்லாத பிளேன் டீ குடிக்கலாம். பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தால் அதுவும் சீனிதான்.

முதல் கிழமைத் தராசு

இறங்கிய நிறையில் பெரும்பகுதி தண்ணீர். ஊருக்குச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது

மற்றத் தவறுகளில் போவது காசும் நாளும். இதில் உயிர் போகலாம். எத்தனை தரம் சொன்னாலும் திரும்பவும் நடக்கிறது, அதுவும் ஒளித்து ஒளித்து.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட் போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் குளிசைகள். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. உறையில் ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருக்கும். ஆள் ஏழு மணிக்கு ஒழுங்காகக் குளிசையைப் போடுகிறார். சாப்பாட்டை மட்டும் 12 மணிக்குத் தள்ளிவிட்டார். பத்து, பத்தரைக்குக் கை நடுங்கத் தொடங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். சந்தையில் மரக்கறிக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றவர் மிச்சக் காசை எண்ணத் தெரியாமல் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். சூடான கச்சான் காற்று வீசும் மாதமென்றால் பக்கத்தில் நிற்பவர் “வெயில்” என்று சொல்லி நிழலில் இருத்திவிடுவார். வெயில் மயக்கத்தையும் இரத்தத்தில் சீனி இறங்குவதையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சீனி பார்க்கும் குளுக்கோமீட்டர் கையில் இல்லையா, சீனி இறக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கினால், அல்லது அப்படிச் சந்தேகம் வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தரம். தெளிந்ததும் பணிஸோ சோறோ சாப்பிடவேண்டும். சொக்லேட், ஐஸ்கிரீம் உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவேண்டாம், 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். இந்தக் குளிசைகளின் வேலை பல மணித்தியாலம் நீடிப்பதால், தெளிந்தவருக்கும் பின்நேரம் திரும்ப இறங்கலாம்.

இதைக் கேட்டதும் சிலர் மறுபக்கம் பாய்கிறார்கள்: “அப்ப குளிசையையும் நிப்பாட்டுறன்.” அதுவும் கூடாது. நீரிழிவுக்கு மெட்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவருக்கு ஆபத்து இன்னும் கூட. பிரஷருக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர் பட்டினியோடு வெயிலில் நின்றால் எழும்பும்போது தலை சுற்றும். ஆளுக்கு ஆள் கணக்கு வேறு, அதை வீட்டில் இருந்து போட முடியாது.

செய்யவேண்டியது ஒரு வசனம்தான். கிளினிக் கொப்பியை நீட்டும்போது, “நான் காலமை சாப்பிடப் போறதில்லை, முதல் சாப்பாடு 12 மணிக்கு, குளிசையை எப்ப போடுறது?” என்று கேளுங்கள். நோன்பு பிடிக்கும் நீரிழிவுக்காரர் 6 முதல் 8 கிழமைக்கு முன்னரே மருந்தின் நேரத்தையும் அளவையும் டொக்டரோடு பேசி மாற்றவேண்டும் என்று மருத்துவ வழிகாட்டலே இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பது நோன்புகாரருக்கு இயல்பு. நிறை குறைக்கிறவர் மட்டும் “டொக்டர் ஏசுவார்” என்று வாயை மூடிக்கொள்கிறார்.

நோபல் பரிசு கிடைத்த முறையாம்

2016இல் யப்பானிய விஞ்ஞானி யொஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது ஈஸ்ட் கலங்கள் தம்மைத் தாமே தின்று புதுப்பிக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்கு. தொப்பைக்கு அல்ல.

மணிக்கூடே மெலியவைக்கும் என்று நம்புவது

2022இல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்றில் 139 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பகுதியினர் மட்டும் காலை 8 முதல் பின்நேரம் 4 வரையில் சாப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ குறைந்தது. புள்ளிவிவரக் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. 2020இல் அமெரிக்காவில் நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தி, என்ன சாப்பிடுவது என்று எதுவும் சொல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். 12 கிழமையில் ஒரு கிலோகூட முழுதாகக் குறையவில்லை. குறைந்ததிலும் தசை போயிருந்தது.

காலை இடியப்பத்தை விட்டவர் இரவு ஏழே முக்காலுக்கு, எட்டு மணி அடிக்கமுன் என்று, பிட்டும் தேங்காய்ப்பால் சொதியுமாக இரண்டு ஆள் சாப்பாட்டை இறக்குகிறார். கொத்து ரொட்டி இல்லைதான், ஆனால் விட்ட கலோரி அங்கேயே திரும்பிவிடுகிறது. தசை போகாமலிருக்கப் புரதம் வேண்டும்: 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு 80 கிராம் அளவில். எட்டு மணித்தியாலத்துக்குள் கிடைப்பது இரண்டு நேரச் சாப்பாடு. ஒவ்வொன்றிலும் சமைத்த பாரையோ சூரையோ 150 கிராம் இருந்தால் முப்பது கிராமுக்கு மேல் வரும், மிச்சத்தைப் பருப்பும் ஒரு முட்டையும் நிரப்பும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. சோற்றைக் கடைசியாகச் சாப்பாட்டுக் கோப்பையில் போடுங்கள், மீனும் கீரையும் இடத்தைப் பிடித்த பிறகு.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், பள்ளிக்கூடப் பிள்ளைகள்

வேண்டாம்.