விண்டோஸ் மாற்றியதும் நெட் போச்சா? மதர்போர்டு டிரைவரை நீங்களே சரிசெய்யலாம்

விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் நெட் வராது, சத்தம் கேட்காது. போர்டே போய்விட்டது என்று கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரும்பாலும் டிரைவர், அதாவது அந்தந்தப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர், ஏறாததுதான் காரணம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் இப்போதைக்கு நெட் கிடைத்துவிடும்.

1. போர்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பேஸ்போர்டு ப்ராடக்ட் என்ற வரியில் மாடல் இருக்கும். பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்க போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) வெர்ஷனும் அங்கேயே தெரியும். ஜிகாபைட் போர்டு என்றால் மூடியைத் திறந்து, மூலையில் அச்சிட்டிருக்கும் ரெவ் (ரிவிஷன்) எண்ணையும் பாருங்கள். ரெவ் 1.0-க்கான பயாஸ் ஃபைல் 1.1-க்குப் பொருந்தாமல் போகலாம்.

2. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ளதை டபுள் கிளிக் செய்யுங்கள். அங்கே தெரியும் எரர் கோடு (Code) 28 என்றால் டிரைவரே இல்லை. கோடு 10 என்றால் அந்த டிவைஸ் தொடங்க முடியாமல் நிற்கிறது. டிரைவரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

அன்நோன் டிவைஸ் என்று மட்டும் இருந்தால்? டீடெய்ல்ஸ் டேபில் ஹார்ட்வேர் ஐடிஸைத் தேர்ந்தெடுங்கள். நீளமான வரி வரும். அதில் 'வென்' (VEN) என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின்னால் 8086 இருந்தால் அந்தப் பாகத்தின் நிறுவனம் இன்டெல், 1022 ஏஎம்டி, 10இசி (10EC) ரியல்டெக். என் தம்பியின் கம்ப்யூட்டரில் எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்று ஒரு முக்கோணம் நின்றது. சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) டிரைவரைப் போட்டதும் மறைந்துவிட்டது.

3. போர்டு நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். முதலில் சிப்செட், பிறகு ரீஸ்டார்ட், அதன்பின் லேன் (நெட்), ஆடியோ. 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று வரும் சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள்.

4. பயாஸைக் கடைசியாகத் தொடுங்கள். புது ப்ராசஸரைப் போர்டு அறியாதபோதும், உங்கள் கோளாறு அப்டேட் குறிப்பில் இருக்கும்போதும் செய்யலாம். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆனில் இருந்தால், அதை முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து பயாஸ் ஃபைலைப் போடுங்கள். யூபிஎஸ் இல்லாமல் இறங்கவே வேண்டாம்: பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதா? அதற்கு டிரைவரும் வேண்டாம், பயாஸ் அப்டேட்டும் வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.