கையைக் கடிக்காத விலையில் டவுன்ஹில் சைக்கிள்: எங்கே ஏமாறுகிறோம்?

முன்னாலும் பின்னாலும் ஷாக், தடித்த டயர், டிஸ்க் பிரேக், சட்டம் முழுக்கப் பளீரென்ற எழுத்துகள். சில நூறு டாலர் விலையில் பேரங்காடியில் நிற்கும் இப்படியொரு சைக்கிளின் படத்தை அனுப்பி, “மலையிறங்க இது போதுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அந்தச் சைக்கிளின் சட்டத்தைக் குனிந்து பாருங்கள். கரடுமுரடான பாதைக்கும் தாவலுக்கும் ஏற்றதல்ல என்று சிறிய எழுத்தில் பல தயாரிப்பாளர்களே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சைக்கிள்களை அவற்றின் பயன்பாட்டை வைத்து ஐந்தாகப் பிரிக்கும் தரவரிசை ஒன்று இருக்கிறது; தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பினுடையது. முதல் வகை தார்ச்சாலைக்கு. மூன்றாம் வகை சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதைத் தாங்கும். டவுன்ஹில் என்பது ஐந்தாம் வகை. வாங்க நினைக்கும் சைக்கிளின் கையேட்டில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐந்து இல்லையென்றால் மேற்கொண்டு பேரம் பேசவே வேண்டாம். முழு வேகத்தில் சட்டம் முறிந்தால் முறிவது சட்டம் மட்டும் அல்ல.

உண்மையான புதிய டவுன்ஹில் சைக்கிளின் அடிமட்ட விலை பெரும்பாலும் 3,000 முதல் 4,000 அமெரிக்க டாலர் வரை இருக்கும். உச்ச ரகம் 8,000 டாலரையும் தாண்டிவிடும். அடிமட்ட விலையே பெருந்தொகைதான். அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்கும் முன் ஒரு கேள்வி. நீங்கள் ஓட்டப்போகும் மலையில் கம்பிவடத்தில் ஏறும் லிஃப்ட் இருக்கிறதா? கனடாவின் விஸ்லர், ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம், ஆஸ்திரியாவின் லியோகாங் போன்ற இடங்களில் சைக்கிளையும் ஆளையும் உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். டவுன்ஹில் சைக்கிள் அப்படிப்பட்ட இடங்களுக்காகவே பிறந்தது. 200 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக்), 15 முதல் 17 கிலோ எடை, பெரும்பாலும் ஏழே கியர். இதை மேட்டில் மிதித்து ஏற்ற முயன்றால் அரை மணியில் வெறுத்துவிடும். லிஃப்டோ, ஏற்றிச்செல்ல வண்டியோ இல்லாதவர்களுக்கு 160, 170 மில்லிமீட்டர் அமுங்கும், மேட்டில் மிதித்தும் ஏறக்கூடிய எண்டியூரோ ரகமே பொருந்தும். ஆண்டுக்கு இரண்டு வார இறுதிகளில் மட்டும் ஓட்டுபவர்கள் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வாங்குவதென்று முடிவெடுத்தவர்களும் ஒரு நாளாவது வாடகைச் சைக்கிளில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

இனி முக்கியமான தவறுக்கு வருகிறேன். கையில் இருக்கும் பணத்தைக் கண்ணுக்குத் தெரியும் பாகங்களில் போட்டுவிடுகிறோம். கார்பன் சட்டம், உயர்ரகக் கியர், தங்க நிறப் பூச்சுள்ள ஃபோர்க். 2015-ஆம் ஆண்டு லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஆரன் குவினின் செயின் புறப்பட்ட இடத்திலேயே அறுந்துபோனது. அடிவாரம் வரை ஒரு மிதிகூட மிதிக்க வழியில்லாமல் இறங்கினார். அந்தப் பந்தயத்தை வென்றவரும் அவரே. டவுன்ஹில்லில் கியர் எத்தனையாவது இடத்தில் வைக்க வேண்டிய விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அலுமினியச் சட்டமும் எளிய கியரும் பல ஆண்டு உழைக்கும். மிச்சமாகும் பணம் பிரேக்கிலும் டயரிலும் ஸ்பிரிங்கிலும் போய்ச் சேரட்டும்.

பிரேக்கின் கதை இந்த விளையாட்டின் பிறப்போடு சேர்ந்தது. 1976-இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு இளைஞர்கள் ஒரு மண்பாதையில் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். மூன்றேகால் கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பழைய பிரேக், சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. “மறுபடி அடைப்பது” என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எதிரி அதே சூடுதான்.

ஆகவே கடையில் நிற்கும்போது பிரேக்கை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். டிஸ்க் தட்டின் விட்டம் 200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தட்டைக் கவ்வும் பேடுகளை அழுத்தும் கேலிப்பரில் நான்கு பிஸ்டன் இருக்க வேண்டும். தட்டின் கைப்பகுதியில் என்ன பொறித்திருக்கிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் படியுங்கள். ‘ரெசின் பேட் ஒன்லி’ (பிசின் கலவைப் பேடுக்கு மட்டும்) என்றிருந்தால், அந்தத் தட்டில் சூட்டைத் தாங்கும் உலோகக் கலவைப் பேடைப் போட முடியாது. விலையைக் குறைப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நீண்ட இறக்கத்தின் பாதியில் பிரேக் பிடி கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும்போதுதான் இந்தச் சிக்கனம் புரியும். நல்ல தட்டு இரண்டின் விலை, முழுச் சைக்கிளின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டயரிலும் இதே கதை நடக்கிறது. பக்கச் சுவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கிள்ளிப் பாருங்கள். மெல்லிய தோல்போல மடங்கினால் அது டவுன்ஹில் டயர் அல்ல. இரட்டை அடுக்குச் சுவருள்ள டயர் விரலுக்கு எளிதில் இணங்காது. ஒன்றின் எடையே ஏறக்குறைய 1.2, 1.3 கிலோ இருக்கும். பெயரை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மேக்சிஸ் நிறுவனத்தின் அசகாய் டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மெல்லிய சுவரிலும் தடித்த சுவரிலும், கெட்டியான ரப்பரிலும் மென்மையான ரப்பரிலும் வருகிறது. ஈரமான வேர்களின் மேல் மென்மையான ரப்பர் கவ்வுவதுபோல மற்றது கவ்வாது.

ஃபோர்க்கிலும் அப்படித்தான். ஃபாக்ஸ் நிறுவனத்தின் ‘40’ என்ற ஃபோர்க்கில் விலை குறைந்த ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் குழாயின் தடிமன் ஒன்றே. வேறுபடுவது உள்ளே எண்ணெயைக் கட்டுப்படுத்தும் டேம்பரும் மேற்பூச்சும்தான். புதிதாகக் கற்பவருக்கு விலை குறைந்த ரகம் தாராளமாகப் போதும். அமுங்கிய ஃபோர்க் மீண்டு வரும் வேகத்தைத் திருகி மாற்ற வசதி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் பட்டவன் நான். என் எடை 62 கிலோ. முதல் சைக்கிளின் பின் ஷாக்கில் 500 என்று எழுதிய ஸ்பிரிங் இருந்தது. அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பருவம் முழுக்க ஒவ்வொரு கல்லும் முதுகில் வந்து அடித்தது. சட்டத்தின் மேல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மெக்கானிக் என்னைச் சைக்கிளின் மேல் நிற்கச் சொல்லி அளந்துவிட்டு, தலையை ஆட்டினார். 75 மில்லிமீட்டர் அமுங்கும் ஷாக், ஓட்டும் நிலையில் நாம் நின்றாலே ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும், அதாவது முப்பது சதவீதம். எனக்குப் பன்னிரண்டுகூட இறங்கவில்லை. அதைவிட மிகக் குறைந்த எண்ணுள்ள ஸ்பிரிங்கை மாட்டிய அன்று மாலையே அது வேறு சைக்கிளாக இருந்தது. எழுதியிருக்கும் எண் ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான பவுண்டுக் கணக்கு. ஹெல்மெட், முழங்கால் கவசம், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் தலைப்பில் இருக்கும் வளையத்தை முறுக்கியே சரிசெய்துவிடலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓரிரு சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டியிருந்தால் ஸ்பிரிங்கே தவறு.

அளவு பார்க்கும்போது சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது பயன்படாது. இறக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை. பெடலில் எழுந்து நின்று, முழங்கையை விரித்து, முன் சக்கரத்தின் மேல் எடை இயல்பாக விழுகிறதா என்று பாருங்கள்.

கோப்லென்ஸைச் சேர்ந்த கேன்யன், அந்தோராவின் காமென்சால் போன்ற நிறுவனங்கள் கடைக்காரர் இல்லாமல் நேரடியாக விற்கின்றன. அதே பணத்துக்குக் கூடுதல் தரம் கிடைப்பது உண்மை. ஆனால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே கூட்டிப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடலாம். கியரைத் தாங்கும் கொக்கி உங்கள் ஊரில் கிடைக்குமா, பந்தயத்தில் உடைந்தால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் வாங்குமுன்னே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட நாடுகளில் பருவம் முடியும் செப்டம்பர், அக்டோபரில் அந்த ஆண்டு மாடல்கள் விலை இறங்கும். காத்திருக்க முடிந்தவர்களுக்கு அதுவே நல்ல வேளை.

மொத்தப் பணத்தையும் சைக்கிளிலேயே கொட்டிவிடுவதும் நடக்கிறது. முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் இல்லாமல் லிஃப்டில் ஏறாதீர்கள். அதில் ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். டவுன்ஹில்லுக்கென்றே உள்ள தரம் அது. முழங்கால் கவசம், லிஃப்ட் டிக்கெட், மாற்றுப் பேட், பராமரிப்புச் செலவு எல்லாம் பின்னாலேயே வரும். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டும். விடுமுறையில் தினமும் ஓட்டுபவர்களுக்கு அந்த 50 மணி நேரம் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

புதுச் சைக்கிளில் முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பின் ஷாக்கைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகளையும், ஹேண்டில்பார் போல்ட்டுகளையும் இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனரால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் தளர்ந்து கொடுத்தால், மறுநாள் காலை லிஃப்டுக்குப் போகுமுன் மெக்கானிக்கிடம் போங்கள்.