ஃபின்சிங்ஃபீல்ட் குளக்கரையில் கேமராவோடு

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பக்கம் போனால் ஃபின்சிங்ஃபீல்ட் கிராமத்தை விட்டுவிடாதீர்கள். நடுவே வாத்துக் குளம், புல்வெளி, மேட்டில் தேவாலயம். ஜூனில் அங்கே காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். கார்களும் பைக்குகளும் வந்து குவிவதற்குள் படம் எடுத்துவிடலாம். காற்று எழும்பாத நேரத்தில்தான் வீடுகளின் பிம்பம் குளத்தில் கலையாமல் விழும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டியிருந்தால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தவறான கோணத்தில் அது பிம்பத்தையே துடைத்துவிடும். வெள்ளைச் சுவர்கள் சாம்பலாக வந்தால் எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியின் அளவை) கொஞ்சம் ஏற்றுங்கள்.

வானம் மூட்டமா (அங்கே அடிக்கடி அப்படித்தான்)? வானத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு சந்து, கதவு, ஓட்டுக்கூரை என்று இறங்கிவிடுங்கள். மழை நின்ற ஈரத் தெரு இன்னும் அழகு. பொதுச் சாலையில் நின்று வீடுகளை எடுக்கலாம், தடையில்லை. ஜன்னலுக்குள் மட்டும் லென்ஸை நீட்டாதீர்கள். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.