இணைய உரையாடலில் உண்மையும் தன்வெளிப்பாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகம் அறியாத ஒருவரோடு இணையத்தில் பேசத் தொடங்கும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுகின்றன. சொல்வது உண்மையா என்பது ஒன்று. எவ்வளவு சொல்வது என்பது மற்றொன்று. முதலாவது, எதிரில் இருப்பவருக்கு நாம் பட்டிருக்கும் கடன். இரண்டாவது, பெரும்பாலும் நம்முடைய உரிமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான் இணையப் பழக்கத்தில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி பிறக்கிறது என்பது என் கருத்து. நேர்மையானவர் என்று எண்ணப்பட வேண்டும் என்பதற்காக முதல் சில நாட்களிலேயே வாழ்க்கை முழுவதையும் கொட்டிவிடுபவருக்கும், ஒன்றை மறைத்துக்கொள்வதற்காகத் தேவையில்லாத பொய்யைச் சொல்லிவிடுபவருக்கும் இருப்பது ஒரே குழப்பம்தான்.

அவசரமாகக் கொட்டிவிடுதல்

நேரில் சொல்லத் தயங்குவதைத் தட்டச்சில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம் என்பது பலருக்கும் அனுபவத்தில் தெரிந்ததே. ஆடம் ஜாய்ன்சன் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நேருக்கு நேர் பேசியவர்களைவிடக் கணினி வழியாகப் பேசியவர்கள் தங்களைப் பற்றிக் கேட்காமலேயே அதிகம் சொன்னார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாத நிலையில் இப்போக்கு இன்னும் கூடியது. அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் எழுதிய கட்டுரையில் இந்தத் தடைதளர்வுக்கு, அதாவது இணையத்தில் தயக்கம் குறைந்துவிடுவதற்கு, ஆறு காரணங்களை விளக்கினார். பெயர் தெரியாமல் இருப்பது, கண்ணில் படாமல் இருப்பது, பதிலுக்கு உடனே முகங்கொடுக்க வேண்டியிராதது போன்றவை எளிதில் புரிபவை. அவர் சொன்ன இன்னொரு காரணம் இவற்றைவிட நுட்பமானது: எழுத்தில் வரும் செய்தியை நம் மனத்துக்குள் நம் குரலிலேயே படிக்கிறோம், அதற்கு ஓர் உருவத்தையும் இயல்பையும் நாமே கொடுத்துவிடுகிறோம், அதனால் அந்நியர் ஒருவரிடம் பேசும்போதும் தனக்குத்தானே பேசிக்கொள்வது போன்ற பாதுகாப்புணர்வு வந்துவிடுகிறது. அதற்கு முன்பே, 1996இல், ஜோசப் வால்தர் என்ற தொடர்பியல் ஆய்வாளர், இப்படி மனம் வரையும் சித்திரம் உண்மையான ஆளைவிட அழகாக அமைந்துவிடுவதையும், இருவரும் யோசித்து, திருத்தி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் அதற்கு மேலும் மெருகேற்றுவதையும் எடுத்துக்காட்டியிருந்தார்.

இங்கே நேரும் தவறு, சொல்லி முடித்தபின் மனம் லேசாவதை, அந்த மனிதர் நம்பிக்கைக்கு உரியவர் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதுதான். மனம் லேசானதற்குக் காரணம் நாம் சொன்னது. அவர் அதை என்ன செய்வார் என்பது இன்னும் தெரியாது.

நெருக்கம் வளரும் விதத்தைப் பற்றி இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் ஆகிய இருவரும் 1973இல் முன்வைத்த கோட்பாடு, தன்வெளிப்பாட்டுக்கு அகலம், ஆழம் என்று இரண்டு அளவுகள் உண்டு என்கிறது. எத்தனை வகையான செய்திகளைப் பேசுகிறோம் என்பது அகலம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு உள்ளே செல்கிறோம் என்பது ஆழம். நேரில் பழகும்போது இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே வளர்கின்றன. இணையத்திலோ ஆழம் முந்திக்கொள்கிறது: ஒருவருடைய மிகப் பெரிய துயரம் நமக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் ஒரு சாதாரண நாளை எப்படிக் கழிக்கிறார், கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்கிறார், கேட்ட ரகசியத்தைக் காப்பாற்றுபவரா என்பதெல்லாம் தெரிந்திருக்காது. ஆகவே ஒரு காயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பத்து சாதாரண விஷயங்களைப் பேசிப் பார்ப்பதும், சிறிய செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு அதை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று கவனிப்பதும் நல்லது.

அந்நியரிடம் மனம் திறப்பதே தவறு என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் 1908லேயே, நெருங்கியவர்களிடம் மறைப்பதை மக்கள் அந்நியரிடம் சொல்லிவிடுவதைக் குறித்து எழுதியிருக்கிறார். நோயோ இழப்போ நேர்ந்தவர்கள் புனைபெயரில் கூடிப் பேசும் குழுக்களால் பலருக்கு உண்மையான ஆறுதல் கிடைக்கிறது. அடுத்த நிலையத்தில் இறங்கிவிடப்போகும் ரயில் பயணியிடம் பேசுவது போலப் பேசிவிட்டு, அதே மனிதரோடு மாதக்கணக்கில் பழக்கத்தைத் தொடர்வதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் நாமும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற உந்துதல் நமக்குள் எழுவது இயற்கை. நட்பு வளர்வதும் பெரும்பாலும் இந்தப் பரிமாற்றத்தால்தான். மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வதும் இதையேதான். இறந்துபோன மனைவி, நோயுற்ற குழந்தை என்று ஒரு பெருந்துயரக் கதையை முதலிலேயே வைத்துவிட்டால், கேட்டவர் தம் பங்கை இறக்கி வைக்கக் கடமைப்பட்டவராக உணர்கிறார். துயரம் பொய்யா மெய்யா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதில் பயனில்லை. 'அதைச் சொல்ல எனக்கு இன்னும் நாள் வேண்டும்' என்று சொன்னால் அவர் பொறுத்துக்கொள்கிறாரா, அல்லது 'என்னை நம்பவில்லையா?' என்று நெருக்குகிறாரா என்று பார்த்தால் போதும்.

சின்னப் பொய்களும் காலியான இடமும்

கேடலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இணை தேடும் தளங்களைப் பயன்படுத்திய 80 நியூயார்க்வாசிகளை வரவழைத்து உயரத்தையும் எடையையும் அளந்து, வயதையும் சரிபார்த்து, அவர்கள் தளத்தில் எழுதியிருந்ததோடு ஒப்பிட்டார்கள். மூன்றில் ஒன்றிலேனும் உண்மைக்கு மாறாக எழுதியிருந்தவர்கள் 81 விழுக்காடு. ஆனால் பெரும்பாலான மாறுதல்கள் மிகச் சிறியவை. நேரில் சந்திக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தார்கள். இதைப் படித்து, எல்லோரும் செய்வதுதானே என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்றுண்டு: பொய் வெளிப்படும்போது கேட்டவர் அந்த இரண்டு சென்டிமீட்டரை அளந்துகொண்டிருப்பதில்லை, இதுவரை சொன்னவற்றில் வேறெதெல்லாம் இப்படி என்று பின்னோக்கிப் போகத் தொடங்குகிறார்.

வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். காலியான இடம் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதை நினைவில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை இன்றைய படமாக வைப்பதும் பொய்யின் கணக்கில்தான் சேரும், படம் உண்மையானதாகவே இருந்தாலும். புனைபெயர் அப்படியல்ல. புனைபெயர் வழக்கமாக உள்ள இடத்தில் அது புனைபெயர் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே யாரும் ஏமாறுவதில்லை. இன்னொருவருடைய படத்தையோ பெயரையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவது, பேசிக்கொண்டிருப்பவரோடு சேர்த்து, இதைப் பற்றி எதுவும் அறியாத அந்த மூன்றாம் மனிதருக்கும் செய்யும் தீங்கு.

பொய்களில் பல, கேள்வியிலிருந்து தப்பிக்கச் சொல்லப்படுபவை. எந்த ஊர் என்று கேட்டவரிடம் வேறோர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த ஊரின் மழை வெயிலுக்குக்கூடப் பிறகு பதில் சொல்ல வேண்டிவரும். 'இடத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை' என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. மறுப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வளர்ந்தவர்களுக்கு இது முதலில் கடினமாகத்தான் இருக்கும். மிரட்டுகிறவரிடமிருந்தோ பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவரிடமிருந்தோ தப்பிக்கச் சொல்லும் பொய்யை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே பதில் சொல்லாமல் தடை செய்துவிடுவது அதைவிட மேல்.

மறைப்பு எப்போது ஏமாற்றாகிறது

எவ்வளவு சொல்வது என்பது நம் உரிமை என்றால், எதையும் மறைக்கலாமா என்ற கேள்வி வரும். மறைக்கக் கூடாதவையும் உண்டு. எதிரில் இருப்பவர் நம்மை நம்பி ஒரு முடிவை எடுக்கப்போகிறார், இந்தச் செய்தி தெரிந்தால் அந்த முடிவு மாறும், அது நமக்கும் தெரியும் என்ற நிலையில், மௌனமே பொய்யின் வேலையைச் செய்துவிடுகிறது. காதலாக வளரும் பழக்கத்தில் தனக்குத் திருமணம் ஆகியிருப்பதைச் சொல்லாமல் விடுவது அப்படிப்பட்டது. ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதற்காகத் தான் பணம் பெறுவதைச் சொல்லாமல் விடுவதும் அவ்வாறே. அண்மைக் காலத்தில் இதனோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: மனம் உருகி எழுதியவை போலத் தோன்றும் செய்திகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் எழுதி வாங்கி அனுப்புவது. பிழை திருத்தவோ மொழிபெயர்க்கவோ கருவியின் உதவியை நாடுவதில் குற்றம் காண நான் தயாரில்லை. ஆனால் உணர்ச்சியே கருவியினுடையது என்றால், அதைப் படித்து நெகிழ்ந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது சொல்வது என்பதையும் இதே அளவுகோலால் தீர்மானித்துக்கொள்ளலாம். பழைய மணமுறிவையோ நெடுநாள் நோயையோ முதல் உரையாடலில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் பணத்தையோ காலத்தையோ மனத்தையோ பெரிய அளவில் ஒப்புக்கொடுப்பதற்கு முன்னால் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்த இடத்தில் மிக மோசமான பழக்கம், உண்மைச் சொற்களையே அடுக்கிப் பொய்யான எண்ணத்தை உண்டாக்குவது. குடும்பத்தை வேறோர் ஊரில் விட்டுவிட்டு வேலைக்காகத் தனி அறையில் இருக்கும் ஒருவர் 'நான் தனியாகத்தான் இருக்கிறேன்' என்று எழுதினால், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கேட்பவர் எதைப் புரிந்துகொள்வார் என்று அறிந்தே அதைச் சொல்லிவிட்டு, பின்னர் 'நான் பொய் சொல்லவில்லையே' என்று வாதாடவும் அவருக்கு வழியிருக்கிறது. நேரடிப் பொய்யைவிட இதை நான் கடுமையாக மதிப்பிடுவேன், ஏனென்றால் இதில் முன்யோசனை இருக்கிறது.

நம்முடையது அல்லாத செய்திகள், சிதறிய செய்திகள்

தன் கதையைச் சொல்பவர் பிறருடைய கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். என் மணவாழ்க்கையின் துன்பம் என்னுடையது. ஆனால் என் துணைவரின் மருத்துவச் செய்தி, என் தோழி என்னிடம் மட்டும் சொன்ன ரகசியம் ஆகியவற்றை வெளியிடுவதை என் வெளிப்படைத்தன்மையின் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. ஒரு செய்தி எந்தச் சூழலில் பகிரப்பட்டதோ அந்தச் சூழலின் விதிகள் அதோடு கூடவே செல்கின்றன என்பது தனியுரிமை பற்றி ஆராயும் ஹெலன் நிசன்பாம் 2004இல் விளக்கிய கருத்தின் சாரம். ஒருவர் தனியாக எழுதிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்றவருக்கு அனுப்புவது அந்த விதியை மீறுவதாகும், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருந்தாலும்.

தனித்தனியாகப் பார்த்தால் தீங்கற்ற செய்திகள் சேரும்போது ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினி அறிவியலாளர் லட்டன்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றே போதும், அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று காட்டினார். பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி சொன்ன ஒரு செய்தி, வீட்டருகே வெள்ளம் என்று எழுதிய ஒரு செய்தி, வேலையைப் பற்றிய ஒரு முணுமுணுப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்குப் பொறுமை மட்டும் இருந்தால் போதும். படக்கோப்பிலேயே எடுத்த இடத்தின் விவரம் பதிந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்க. அனுப்பிய செய்தியை அழித்துவிடலாம் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் முழு மறையாக்கமும் வழியில் இருப்பவர்களிடமிருந்துதான் செய்தியைக் காக்கும், பெற்றவரிடமிருந்து காக்காது.

அவர் சொல்வது மெய்யா என்று கணித்தல்

பேச்சின் தொனியை வைத்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தறிந்தது சராசரியாக 54 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 வரும். ஆகவே உள்ளுணர்வை நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குவதும் தவறு, அதே உள்ளுணர்வை நம்பி ஒருவரிடம் பணம் கொடுப்பதும் தவறு. சொன்னவை காலப்போக்கில் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, வேறு வழியில் சரிபார்க்கக்கூடியவை சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே ஓரளவு உதவும். எதிரில் இருப்பவரைச் சோதிக்க நாமே பொய்ச் செய்தி ஒன்றைச் சொல்லிப் பார்ப்பது, நாம் அஞ்சிய குற்றத்தை நாமே தொடங்கிவைப்பதாகும். ஒருவர் சொல்ல மறுக்கிறார் என்பது மட்டுமே அவர் பொய்யர் என்பதற்குச் சான்றாகாது. நாம் கோரும் உரிமை அவருக்கும் உண்டு.

இனி, தவறு ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால் செய்ய வேண்டியது. தேவைக்கு மேல் சொல்லிவிட்டவர் பழக்கத்தை முறித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. 'அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம், வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று எழுதினால் போதும். பொய் சொல்லிவிட்டவர், நேரில் சந்திப்பதற்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் முன்பே, எது பொய், எது உண்மை என்பதை ஒரே செய்தியில் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று தவணையில் ஒப்புக்கொள்வது ஒவ்வொரு முறையும் காயத்தைப் புதிதாகத் திறக்கும். காரணங்களைக் கேட்டால் பிறகு சொல்லலாம்; முதலிலேயே அவற்றை அடுக்கினால் மன்னிப்பைப் பறித்துக்கொள்வது போலாகிவிடும். 'நீங்களும் எதையாவது மறைத்திருப்பீர்கள்' என்று பதிலுக்கு ஓர் ஒப்புதலைக் கேட்கவும் வேண்டாம். மறுமொழி வர நாளானாலும், வராமலே போனாலும், அது அவர் எடுக்கும் முடிவு.