முதல் ஐடி வேலைக்கு ரெஸ்யூம்: ப்ராஜெக்ட் பகுதியைத் திருத்தி எழுதுவது எப்படி?

ஃப்ரெஷர்களின் ரெஸ்யூமைப் பத்துப் பதினைந்து சேர்த்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சீனியரிடம் வாங்கிய வேர்டு ஃபைலில் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றியிருப்பார்கள். வேலை அனுபவம் இல்லாத ஒருவர் தன் திறமையைக் காட்ட இருக்கும் நல்ல இடம் ப்ராஜெக்ட்தான். அதைத்தான் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

படி 1: தேவையில்லாததை வெட்டுங்கள்

அப்பா பெயர், மதம், திருமண நிலை, கதவு எண்ணோடு முகவரி, கடைசியில் வரும் உறுதிமொழி, இவை எதுவும் வேண்டாம். ‘கேரியர் ஆப்ஜெக்டிவ்’ பத்தியையும் எடுத்துவிட்டு, என்ன படித்தீர்கள், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

படி 2: ப்ராஜெக்டை விரித்து எழுதுங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் செலவாக வேண்டும். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “மாணவர் வருகைப் பதிவு. ஜாவா, மைஎஸ்க்யூஎல். குழுவில் 4 பேர்.” இதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே இல்லை.

இப்படி மாற்றிப் பாருங்கள். ரெஸ்யூமில் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், பொருள் இதுதான்: “நால்வர் குழுவில் டேட்டாபேஸும் லாகின் பகுதியும் என் பொறுப்பு. ஒரே மாணவருக்கு ஒரே பீரியடில் வருகை இருமுறை பதிவாகாமல் இருக்க, மாணவர் எண், தேதி, பீரியட் மூன்றையும் சேர்த்து யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் வைத்தேன். பாஸ்வேர்டுகளை ஹாஷ் செய்து சேமித்தேன்.”

இதைப் படிக்கும் இன்டர்வியூவர், “வருகை இருமுறை பதிவாகிறதா என்பதை ஜாவா கோடிலேயே செக் பண்ணியிருக்கலாமே?” என்று கேட்கக்கூடும். இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே அந்த செக்கைத் தாண்டிவிடும், டேட்டாபேஸில் வைத்தால் இரண்டாவது நின்றுவிடும் என்று நீங்கள் சொல்லலாம். கேள்வி உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து வரும்படி எழுதுவதுதான் இதில் முக்கியம்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதை தயவுசெய்து போடாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். சின்னதாக இருந்தாலும் நீங்களே ஒன்று செய்து போடுங்கள்.

படி 3: ப்ராஜெக்டின் கோடிங்கை கிட்ஹப் தளத்தில் ஏற்றுங்கள்

ரீட்மீ ஃபைலில் எப்படி ரன் செய்வது என்று எழுதி, ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் சேருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏற்றிய பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், அது அப்படியே இருக்கும். அப்படி ஆகியிருந்தால் பாஸ்வேர்டையே மாற்றிவிடுங்கள்.

படி 4: திறன்கள், மதிப்பெண், சான்றிதழ்

பேப்பரில் எழுதிக் காட்ட முடிந்ததை மட்டும் திறன்களில் சேருங்கள். எஸ்க்யூஎல் என்று போட்டால் ஜாயினும் குரூப் பையும் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள், அரியர் இருந்து கேட்டால் மறைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வந்துவிடும். தேர்வெழுதி வாங்கிய என்பிடெல் ஆன்லைன் படிப்புச் சான்றிதழ் ஒன்று, வெறுமனே கலந்துகொண்டதற்குக் கொடுத்த பத்தைவிட மேல்.

படி 5: அனுப்புமுன் ஒரு சோதனை

ஒரே பக்கம், ஒரே நெடுவரிசை. கேன்வாவில் கிடைக்கும் இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட்டுகள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் ரெஸ்யூமை முதலில் படிப்பது பெரும்பாலும் ஏடிஎஸ் எனப்படும், விண்ணப்பங்களைக் கையாளும் சாஃப்ட்வேர். பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். ப்ராஜெக்ட் வரிக்கு நடுவே போன் நம்பர் வந்து நின்றால், சாஃப்ட்வேருக்கும் அப்படித்தான் தெரிய வாய்ப்பு அதிகம். வரிசை சரியாக வரும்வரை மாற்றி, ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்து அனுப்புங்கள்.