விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஒரு கமாண்ட் லைன்: யூஇஎஃப்ஐ ஷெல் பழகலாம் வாங்க

போன வருஷம் என் லேப்டாப்ல பயாஸ் அப்டேட் முடிஞ்சு ஆன் பண்ணா பூட் டிவைஸே இல்லைன்னு வந்து நின்னுச்சு. டிஸ்க் போச்சுன்னு பதறிட்டேன். ஆனா டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு, உபுண்டு ஃபைல் எல்லாம் பத்திரமா இருந்துச்சு, மதர்போர்டு மெமரியில "இந்த ஃபைலை ஓட்டு"ன்னு இருக்குற ஒரே ஒரு என்ட்ரி மட்டும் அழிஞ்சிருந்துச்சு. அதைத் திரும்ப எழுத அஞ்சு நிமிஷம் கூட ஆகல, யூஇஎஃப்ஐ ஷெல் தெரிஞ்சிருந்ததால. யூஇஎஃப்ஐன்னா ஆன் பண்ணதும் மதர்போர்டுல முதல்ல ஓடுற ஃபர்ம்வேர், பழைய பயாஸுக்குப் பதிலா வந்தது; அதுல கமாண்ட் டைப் பண்ணி வேலை செய்ற இடம்தான் ஷெல். கடைக்குத் தூக்கிட்டுப் போய் எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணிட்டு வர்றவங்களைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இதை எழுதுறேன்.

கமாண்டெல்லாம் ஆங்கில எழுத்துல டைப் பண்ணணும், இங்க நான் உச்சரிப்பைத்தான் எழுதுறேன்.

முதல்ல பென்டிரைவ். அதை ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணுங்க. டியானோகோர்னு ஒரு ஓபன் சோர்ஸ் ப்ராஜெக்ட் இருக்கு, ஈடிகே2ங்கிற அவங்க யூஇஎஃப்ஐ சோர்ஸ் கோடுல இருந்து பில்ட் பண்ண 64 பிட் ஷெல் ஃபைலை எடுத்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல பூட்எக்ஸ்64 டாட் இஎஃப்ஐன்னு பேர் மாத்தி வைங்க. இந்தப் பேரும் இடமும் கரெக்டா இருக்கணும், பென்டிரைவ்ல ஃபர்ம்வேர் தேடுறதே இந்த வழியைத்தான்.

அப்புறம் பயாஸ் செட்டிங்ஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணணும்; நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஃபைலை அது பூட் ஆக விடாது, ஷெல்லுக்கு அது ஏத்துக்குற கையெழுத்து பெரும்பாலும் இருக்காது. ஒரு நிமிஷம், விண்டோஸ்ல டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா முதல்ல ரெக்கவரி கீயைப் பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, செக்யூர் பூட்டை மாத்தினதும் அது கீ கேட்க வாய்ப்பு இருக்கு. சொந்த மெஷின்ல கை வைக்க பயமா இருந்தா க்யூஎமுங்கிற சாஃப்ட்வேர்ல, விர்ச்சுவல் மெஷினுக்கான யூஇஎஃப்ஐயான ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் போட்டு, ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓட்டுங்க, நிறைய பில்ட்ல ஷெல் உள்ளேயே இருக்கும், எவ்வளவு தப்பு பண்ணாலும் ஒண்ணும் ஆகாது.

பென்டிரைவ்ல பூட் பண்ணா கறுப்பு ஸ்க்ரீன்ல அஞ்சு செகண்ட் கவுன்ட்டவுன் ஓடும், ஸ்டார்ட்அப் டாட் என்எஸ்ஹெச்னு ஸ்கிரிப்ட் இருந்தா ஓட்டுறதுக்காக. எஸ்கேப் அமுக்கிடுங்க. ஷெல்னு ப்ராம்ப்ட் வந்துடும்.

இப்போ மேப்னு டைப் பண்ணி என்டர். இங்கதான் எல்லாரும் மிரள்றாங்க, நீளநீளமா வரி ஓடும். எஃப்எஸ்0, எஃப்எஸ்1னு ஆரம்பிக்கிறதை மட்டும் பாருங்க, அதெல்லாம் ஷெல்லால படிக்க முடியுற ஃபேட் பார்ட்டிஷன். பிஎல்கேன்னு வர்றதை இப்போதைக்கு விட்டுடுங்க. எஃப்எஸ் வரிக்குக் கீழ பிசிஐரூட்னு ஒரு பாதை இருக்கும், அதுல யூஎஸ்பின்னு வந்தா உங்க பென்டிரைவ், சாட்டா இல்ல என்விஎம்இன்னு வந்தா உள்ள இருக்குற டிஸ்க். இந்த நம்பர் அடுத்த தடவை மாறலாம், அதனால ஒவ்வொரு தடவையும் மேப் போட்டுப் பாருங்க, ஞாபகத்தை நம்பாதீங்க. உங்க சி டிரைவ் இதுல தெரியாது, விண்டோஸ் டிரைவோட ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்ஸை இது படிக்காது.

எஃப்எஸ்1னு டைப் பண்ணி கடைசியில கோலன் போட்டு என்டர் அடிச்சா அந்த டிரைவுக்குள்ள போயிடுவீங்க. எல்எஸ் போட்டா ஃபைல் லிஸ்ட், சிடி போட்டா ஃபோல்டர் மாறும், டேப் அமுக்கினா பேரை அதுவே முடிச்சுக் கொடுக்கும். லினக்ஸ்ல பழகினவங்க கவனிங்க, இங்க பேக்ஸ்லாஷ்தான். மேல ஓடிப்போன வரியைப் பார்க்க பேஜ் அப். ஆர்எம் மட்டும் வேண்டாம், இங்க ரீசைக்கிள் பின் கிடையாது.

இனி அந்த என்ட்ரி விஷயம். பிசிஎஃப்ஜி பூட் டம்ப்னு போட்டா ஃபர்ம்வேர் வச்சிருக்குற பூட் லிஸ்ட் வரிசையா வரும். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி இதே கமாண்டோட பின்னாடி பெரிது என்ற குறி போட்டு, பென்டிரைவோட எஃப்எஸ் நம்பரும் ஒரு ஃபைல் பேரும் கொடுத்துடுங்க, அப்படியே சேவ் ஆகிடும், நோட்பேட்லயே திறக்கலாம். நான் இதைச் செய்யாம ஒரு தடவை கூட உள்ள கை வைக்கிறதில்லை.

லிஸ்ட்ல உபுண்டு இல்லைன்னு வைங்க. உள் டிஸ்க்ல இஎஃப்ஐ ஃபோல்டர், அதுக்குள்ள உபுண்டு ஃபோல்டருக்குள்ள போய், உபுண்டுவை பூட் பண்ற க்ரப்எக்ஸ்64 டாட் இஎஃப்ஐ இருக்கான்னு கண்ணால பார்த்துக்கோங்க. இருந்தா, பிசிஎஃப்ஜி பூட் ஆட் 0, அப்புறம் அந்த ஃபைலோட முழுப் பாதை, கடைசியில மேற்கோள் குறிக்குள்ள நீங்க வைக்கிற பேர். 0ன்னா வரிசையில முதல் இடம். செக்யூர் பூட்டை மறுபடி ஆன் பண்ணப் போறீங்கன்னா க்ரப்புக்குப் பதிலா, அதே ஃபோல்டர்ல இருக்குற, செக்யூர் பூட் ஏத்துக்குற கையெழுத்து உள்ள ஷிம்எக்ஸ்64 டாட் இஎஃப்ஐ பாதையைக் கொடுங்க. விண்டோஸ்னா இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள மைக்ரோசாஃப்ட், அதுக்குள்ள பூட் ஃபோல்டர்ல பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ டாட் இஎஃப்ஐ.

திரும்ப டம்ப் போட்டு புது என்ட்ரி மேல வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா ரீசெட்னு அடிச்சுட்டு, ஸ்க்ரீன் அணைஞ்சதும் பென்டிரைவைப் பிடுங்கிடுங்க.